மேசை மேல் பூனை: ஃபோனில் ஏ.ஆர். வழியாக ஆங்கிலம் கற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் கிளை நூலகத்தின் பின்கட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஓர் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். இருபது பிள்ளைகள், நான்கைந்து அம்மாக்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். கட்டணம் கிடையாது. போன வருடம் ஒரு நாள், இல்லாத பூனை ஒன்றை இருக்கிற மேசை மேல் ஃபோன் வழியாக நிறுத்திக் காட்டினேன். அன்று ஆரம்பித்த சந்தேகங்கள் இன்னும் ஓயவில்லை. ரேஷன் கடை வரிசையில்கூடக் கேட்கிறார்கள். ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது என்று இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

ஏ.ஆர்., ஏ.ஆர்.னு சொல்றீங்களே டீச்சர், எனக்குத் தெரிஞ்ச ஏ.ஆர். ரகுமான் மட்டும்தான். இது என்ன?

ஆக்மென்டட் ரியாலிட்டி என்பதன் சுருக்கம். தமிழில் மிகை மெய்ம்மை என்று எழுதுகிறார்கள். ஃபோன் கேமராவைத் திறந்தால் உங்கள் வீட்டுக் கூடம் திரையில் தெரிகிறது அல்லவா? அந்தக் காட்சியின் மேலேயே, அங்கே இல்லாத ஒன்றை, இருப்பதுபோலப் பொருத்திக் காட்டுவதுதான் ஏ.ஆர். 2020 ஊரடங்கில் கூகுளில் புலியைத் தேடி, அதைக் கூடத்தில் நிறுத்திப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்களே, அதுதான். 2016-இல் ஊர் ஊராகப் பிள்ளைகள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு அலைந்த போகிமான் கோ விளையாட்டும் இந்த வகைதான்.

அந்தப் பெயர் விளையாட்டிலிருந்து வந்ததல்ல. 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தில் டாம் காடெல் என்பவரும் உடன் வேலை பார்த்தவரும், விமானத்துக்குள் கம்பி இணைக்கும் தொழிலாளர்களுக்கு எது எங்கே போகிறது என்பதைக் கண்முன்னே காட்ட வழி தேடினார்கள். அப்போது வைத்த பெயர் இது. வேலைக்காரரின் கையேடாகப் பிறந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கல்விக்கு இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதும் சுலபமாகப் பிடிபடும்.

அப்போ கண்ணுல மாட்டுவாங்களே ஒரு பெட்டி, அதுவா?

இல்லை. அது வி.ஆர்., மெய்நிகர் உலகம். அதை மாட்டினால் நீங்கள் இருக்கும் இடம் மறைந்துவிடும். 2014-இல் கூகுள் கொண்டுவந்த அட்டைப்பெட்டிக் கண்ணாடிகூட வி.ஆர். வகைதான். ஏ.ஆரில் உங்கள் வீடு, உங்கள் மேசை, உங்கள் தம்பி எல்லாரும் அப்படியே இருப்பார்கள். புதிதாக வந்தது பூனை மட்டும்.

பாடப்புத்தகத்துல கட்டம் கட்டமா இருக்கே, ஸ்கேன் பண்ணா வீடியோ வருதே. அது ஏ.ஆர். தானே?

அதுவும் இல்லை. 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் அச்சான அந்தக் கட்டம் க்யூஆர் குறியீடு. அது ஒரு முகவரிச் சீட்டு. ஸ்கேன் செய்தால் அரசின் திக்‌ஷா கல்வித் தளத்தில் இருக்கும் வீடியோவுக்கோ பாடத்துக்கோ கூட்டிப்போகும். போன பிறகு புத்தகத்துக்கும் திரைக்கும் சம்பந்தம் இல்லை.

புத்தகத்தின் படத்தின் மேல் கேமராவைப் பிடித்தால் அந்தப் படமே எழுந்து நிற்கிறது, புத்தகத்தைத் திருப்பினால் அதுவும் திரும்புகிறது என்றால் அது ஏ.ஆர். இந்த வகையில் அச்சான படம்தான் அடையாளம். படம் கிழிந்தாலோ நிழல் விழுந்தாலோ உருவம் மறைந்துவிடும்.

என்னோடது எட்டாயிரம் ரூபா ஃபோன். இதுல ஓடுமா?

பாதி ஓடும். கேமராவைப் பொருளின் மேல் காட்டினால் பெயர் சொல்வது, எழுத்தைக் காட்டினால் மொழிபெயர்ப்பது போன்றவை (கூகுள் லென்ஸ், கூகுள் டிரான்ஸ்லேட்) கேமராவும் நெட்டும் உள்ள பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஓடும். அங்கே நடப்பது படத்தை அடையாளம் காண்பது மட்டுமே.

பூனையைத் தரையில் நிறுத்தி, நீங்கள் சுற்றி நடந்து பார்க்கும் வகைக்குத்தான் ஃபோனின் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அதற்கு ஏஆர்கோர் என்ற ஏற்பாடு வேண்டும். ஃபோன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணரும் ஜைரோஸ்கோப் விலை குறைந்த சில ஃபோன்களில் இருப்பதில்லை. அங்கே இது நடக்காது. பிளே ஸ்டோரில் கூகுள் பிளே சர்வீசஸ் ஃபார் ஏ.ஆர். என்று தேடுங்கள், உங்கள் ஃபோனுக்குப் பொருந்தாது என்றால் அங்கேயே சொல்லிவிடும். ஐஃபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இந்த வசதி உண்டு.

இதற்காகப் புது ஃபோன் வாங்காதீர்கள். தவணையில் வாங்கிவிட்டு என்னிடம் வந்து காட்டியவர்கள் இரண்டு பேர். எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று.

பூனையை வெச்சா நிக்க மாட்டேங்குது. மிதக்குது, சுவத்துக்குள்ள போயிருது. ஃபோன் கெட்டுப்போச்சா?

ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுத் தரை மிக அழகாக இருக்கிறது, அதுதான் சிக்கல். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்பு சிமெண்டுத் தரை கண்ணாடிபோல மின்னும். புது வீடுகளில் வெள்ளை டைல்ஸ். இரண்டுமே ஏ.ஆருக்கு எதிரி.

ஃபோன் தரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் விஷயம் புரியும். கேமராக் காட்சியில் தனித்துத் தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகளை, அதாவது ஒரு மூலை, ஒரு கோடு முடியும் இடம், நிறம் மாறும் இடம் என்று நூற்றுக்கணக்கில் அது பொறுக்கி எடுக்கிறது. நீங்கள் ஃபோனை அசைக்கும்போது அந்தப் புள்ளிகள் திரையில் எவ்வளவு நகர்ந்தன என்று பார்க்கிறது. ஃபோன் எவ்வளவு அசைந்தது, திரும்பியது என்று உள்ளே இருக்கும் உணரிகள் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் ‘இங்கே ஒரு சமதளம் இருக்கிறது’ என்று முடிவு செய்கிறது. வழவழப்பான தரையில் பொறுக்க ஒரு புள்ளியும் இருக்காது. போதாததற்கு ஜன்னல் வெளிச்சம் பிரதிபலித்து, நீங்கள் நகர நகர அதுவும் நகர்ந்து, ஃபோனை ஏமாற்றும்.

வைத்தியம்: கோடு போட்ட கோரைப்பாய் ஒன்றை விரியுங்கள். பத்தமடைப் பாய் வேண்டும் என்பதில்லை, சாதாரணப் பாய் போதும். செய்தித்தாளும் நன்றாக வேலை செய்யும். டியூப்லைட்டைப் போடுங்கள். ஃபோனை அரைவட்டமாக மெதுவாக ஆட்டிவிட்டுப் பூனையை வையுங்கள். வைத்த பிறகு பாயை இழுக்காதீர்கள். எங்கள் வகுப்பில் இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, பாயில் உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்புப் பையன்.

நெட் இல்லாம நடக்குமா?

செயலிக்குச் செயலி மாறும். உருவங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் செயலிகள் நெட் இல்லாமலும் ஓடும். பொருளின் பெயர் கேட்பதற்கு நெட் வேண்டும். வகுப்புக்குப் போகும் முன் விமானப் பயன்முறையில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சரி டீச்சர், நேரா கேக்கறேன். இதைக் குடுத்தா பிள்ளை இங்கிலீஷ் பேசிருமா?

பேசாது. கடையில் விற்கிறவர்கள் பேசும் என்பார்கள். கேமராவைக் காட்டக் காட்டப் பிள்ளை நூறு பெயர்கள் கற்றுக்கொள்ளும்: சேர், பாட்டில், பக்கெட். ஆனால் இதில் பாதி தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். நாம் பேசும் தமிழிலேயே பக்கெட்டும் சேரும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் தடுமாறுவது பெயரில் இல்லை, இரண்டு பெயர்களுக்கு நடுவில்.

‘பக்கெட்டுல தண்ணி இருக்கு’ என்று ஒரே மூச்சில் சொல்கிற பிள்ளை, அதையே ஆங்கிலத்தில் ‘வாட்டர் பக்கெட்’ என்று சொல்லி நின்றுவிடும். அந்த நடுவிலுள்ள சில்லறைச் சொற்களைக் கேமரா சொல்லித் தராது. பிள்ளையைச் சொல்ல வைக்க வேண்டும்.

அப்புறம் எதுக்குத்தான் இது உதவும்?

அந்தச் சில்லறைச் சொற்களுக்குத்தான். தமிழில் ஒரு ‘இல்’ வைத்துக்கொண்டு நாம் ஊரையே ஆளுகிறோம். மேசையில் புத்தகம், பையில் பணம், பஸ்ஸில் வந்தேன், மதுரையில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் இதற்கு முறையே ஆன், இன், பை, மறுபடி இன். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு எவ்வளவு விளக்கினாலும் மறுநாள் ‘புக் இஸ் இன் தி டேபிள்’ என்றுதான் வரும். பையன் மேசைக்குள் துளை போட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டான் என்று அர்த்தம்.

நான் செய்வது இதுதான். ஒரு பிள்ளை ஃபோனைப் பிடிக்கும். மற்றொரு பிள்ளை திரையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் உத்தரவு போடும்: ‘புட் தி கேட் அண்டர் தி சேர்’. ஃபோன் பிடித்தவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், நினைத்ததைச் செய்யக்கூடாது. ‘இன் தி சேர்’ என்று சொன்னால் பூனையை நாற்காலிக்குள் புதைத்துக் காட்டுவார்கள். ஏ.ஆர். பூனை நாற்காலிக்குள் நிஜமாகவே புதையும்! வகுப்பே சிரிக்கும். அப்படிச் சிரித்த பிறகு அந்தப் பிழையை அந்தப் பிள்ளை திரும்பச் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது ‘எ’, ‘தி’ சமாச்சாரம். தமிழில் இவை இல்லாததால் நமக்கு இரண்டும் ஒன்றுதான். பூனை திரையில் முதலில் தோன்றும்போது ‘தேர் இஸ் எ கேட் ஆன் தி மேட்’. அதற்குப் பிறகு அதே பூனையைப் பற்றி என்ன சொன்னாலும் ‘தி கேட்’. இரண்டாவதாக இன்னொரு பூனையை வைத்தால் மறுபடி ‘அனதர் கேட்’. புதிதாக வந்தால் எ, ஏற்கெனவே பார்த்தது என்றால் தி. வந்து நிற்கும் காட்சியே இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. பூனை நடந்தால் ‘இஸ் வாக்கிங்’, தூங்கினால் ‘இஸ் ஸ்லீப்பிங்’. ‘இது பூனை’ என்று வினைச்சொல் இல்லாமல் முடிக்கும் பழக்கத்தில் நாம் விழுங்கிவிடும் அந்த ‘இஸ்’ஸும் இப்படித் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

என் பொண்ணு யு.கே.ஜி. வாக்கியமெல்லாம் வராது. அவளுக்கு?

வண்ணம் தீட்டும் வகையைப் பாருங்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஆய்வுக்கூடம் ஒன்றில் தொடங்கிய க்விவர் என்ற செயலி இருக்கிறது. அதற்கான படத்தை அச்செடுத்துப் பிள்ளை வண்ணம் தீட்டினால், அதே வண்ணத்தோடு உருவம் தாளிலிருந்து எழுந்து வரும். யானைக்குப் பச்சை அடித்தால் பச்சை யானை. ‘வாட் கலர் இஸ் இட்?’ என்று நீங்கள் கேட்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்காராவிட்டால் அது வெறும் யானைதான்.

கத்தரிக்காயைக் காட்டினா எக்பிளான்ட்னு வருது. நாங்க படிச்சது பிரிஞ்சால். எது சரி?

இரண்டும் சரி. அமெரிக்காவில் எக்பிளான்ட், பிரிட்டனில் ஓபர்ஜீன், இந்தியாவில் பிரிஞ்சால். பிரிஞ்சால் என்பது போர்த்துகீசியர் வழியாக இந்திய ஆங்கிலத்துக்கு வந்த சொல், நம்மூர் ஆசிரியர்கள் கற்பனையில் உண்டாக்கியதல்ல. வெண்டைக்காய்க்கு இங்கே லேடீஸ் ஃபிங்கர், அங்கே ஓக்ரா. தயிருக்கு இங்கே கர்ட், அங்கே யோகர்ட். இந்தச் செயலிகள் அமெரிக்கச் சொல்லைத்தான் முதலில் நீட்டும். பரீட்சைக்குப் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள், இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்.

அம்மியைக் காட்டினேன், என்னமோ ஒளறுது. முறத்தைக் காட்டினா கூடைங்குது. இதுக்கு இங்கிலீஷ்ல பேரே இல்லையா?

இந்தக் கேள்வி கேட்ட அம்மாவுக்கு நான் காப்பி வாங்கிக் கொடுத்தேன். வகுப்பின் மிக நல்ல பாடம் அன்றுதான் பிறந்தது.

கேமரா எந்தப் படங்களைப் பார்த்துப் பழக்கப்பட்டதோ அவற்றைத்தான் அடையாளம் காணும். அம்மி, முறம், அரிவாள்மனை, உறி எல்லாம் அதன் பழக்கத்தில் குறைவு. அதனால் தனக்குத் தெரிந்தவற்றில் பக்கத்தில் இருக்கிற ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கும். இங்கே செயலியை மூடிவிட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள்: இது தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வாய்? ‘இட் இஸ் எ ஃப்ளாட் ஸ்டோன். மை க்ராண்ட்மதர் க்ரைண்ட்ஸ் சட்னி ஆன் இட்.’ எங்கள் வகுப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைச் சொல்ல இருபது நிமிடம் ஆயிற்று. ஃப்ளாட் என்ற சொல்லைத் தேடித் தவித்தாள், ‘ஆன் இட்’டைத் தானே சரிசெய்துகொண்டாள். எந்தச் செயலியும் அந்த இருபது நிமிடத்தைத் தராது. அரிவாள்மனை இன்னும் கஷ்டம். உட்கார்ந்துகொண்டு, கத்தியை அசைக்காமல் காயை அசைப்பது என்று விளக்கிப் பாருங்கள்.

இப்போது வாரம் ஒரு பொருள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், கேமரா அதைக் கண்டுபிடிக்கத் தோற்க வேண்டும் என்பது விதி. போன வாரம் கொண்டுவந்த இடியாப்ப உழக்கில் செயலி தோற்றது.

இங்கிலீஷ் போர்டைக் காட்டினா தமிழ்ல மாத்திக் காட்டுதே, அதை நம்பலாமா?

வழி கண்டுபிடிக்க நம்பலாம், கையெழுத்துப் போட நம்பக்கூடாது. இது ஏ.ஆரின் பழைய, உருப்படியான பயன்களில் ஒன்று. வேர்ட் லென்ஸ் என்ற பெயரில் 2010-இல் வந்தது. 2014-இல் கூகுள் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கி, பிறகு தன் மொழிபெயர்ப்புச் செயலிக்குள் அதைச் சேர்த்தது.

இதில் அடிப்படைச் சிக்கல், பலகையில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைச் சொல். ஃபேன் என்றால் மின்விசிறியா, ரசிகனா? லைட் என்றால் விளக்கா, கனமில்லாததா? வாக்கியம் இருந்தால் இயந்திரம் ஊகிக்கும், ஒற்றைச் சொல்லில் திணறும். கற்பதற்கு இதையும் திருப்பிப் பயன்படுத்தலாம்: மொழிபெயர்ப்பைக் காட்டி, இது ஏன் தப்பு என்று கேளுங்கள். கடைப்பலகைகள் இதற்கு அருமையான பாடப்புத்தகம்.

உச்சரிப்பு கத்துத் தருமா?

கேட்கக் கற்றுத் தரும், அதுவே பெரிய உதவி. தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் வராத வித்தியாசங்கள் ஆங்கிலத்தில் உண்டு. மேற்குத் திசையையும் உள்சட்டையையும் நாம் ‘வெஸ்ட்’ என்று ஒரே மாதிரிதான் எழுதுவோம். ஆங்கிலத்தில் மேற்குக்கு உதடு குவிய வேண்டும், உள்சட்டைக்கு மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். இரண்டு பொருளையும் காட்டி இரண்டு ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்டால் காது பிரித்துக்கொள்ளும்.

பிள்ளை சொன்னது சரியா என்று மதிப்பெண் போடும் செயலிகளை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் குரலும் நம் ஆங்கிலத்தின் ஓசையும் அவற்றைக் குழப்பும். சரியாகச் சொன்ன பிள்ளை சிவப்புக் குறியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணை அணைத்துவிடுங்கள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயசு மேடம், மகன் கூப்பிட்டுருக்கான், மஸ்கட் போகணும். பூனையெல்லாம் எனக்கு எதுக்கு?

உங்களுக்குப் பூனை வேண்டாம், பாயும் வேண்டாம். விமான நிலையத்தில் பார்க்கப்போகும் பலகைகளின் படங்களை மகனிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். அவற்றின் மேல் கேமராவைக் காட்டித் தமிழில் பாருங்கள். பிறகு கேமரா இல்லாமல் ஆங்கிலத்தில் படியுங்கள். பேகேஜ், கேட், போர்டிங், இமிக்ரேஷன் என்று சொற்கள் அதிகம் இல்லை. மாத்திரை அட்டையில் உள்ளதைக் கேமராவில் வாசிக்கப் பழகலாம். ஆனால் எத்தனை வேளை என்பதை மருந்துக்கடைக்காரரிடமே கேளுங்கள்.

இப்போ கேமராவைக் காட்டிப் பேசினா ஏஐயே பதில் சொல்லுதே. அப்புறம் ஏ.ஆர். எதுக்கு?

நல்ல கேள்வி. கூகுளின் ஜெமினி லைவ் போன்றவை கேமரா பார்ப்பதைப் பற்றி உரையாடுகின்றன, தமிழிலும் பேசுகின்றன. பெரியவர்கள் தனியாகப் பழக இது ஏ.ஆர். பூனையைவிட நிச்சயம் மேல். கூச்சம் இல்லாமல் தப்பாகப் பேசலாம், அது சலிக்காமல் கேட்கும்.

இரண்டு எச்சரிக்கை. அம்மியைப் பார்த்து உளறியதாகச் சொன்னேனே, அதே உளறலை இது முழு வாக்கியத்தில், தயங்காமல் சொல்லும். இன்னொன்று, அது பேசிக்கொண்டே இருக்கும். பேச வேண்டியது பிள்ளை. ‘நீ கேள்வி மட்டும் கேள், பதில் சொல்லாதே’ என்று முதலிலேயே அதற்குச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைங்க கையில ஃபோனே குடுக்கக் கூடாதுங்கிறாங்க. நீங்க குடுக்கச் சொல்றீங்களே?

நான் பிள்ளை கையில் கொடுக்கச் சொல்லவில்லை, நடுவில் வைக்கச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் ஃபோன் திறந்திருப்பது பத்து நிமிடம். அதற்கு மேல் போனால் ஃபோனே சூடாகிக் கெஞ்சும். கேமரா, திரை, கணக்குப்போடும் சில்லு மூன்றும் ஒரே சமயத்தில் உழைப்பதால் ஏ.ஆரில் பேட்டரி சீக்கிரம் தீரும். ஒருவகையில் அது நமக்கு நல்லது.

திரையைப் பார்த்தபடியே பின்னால் நடக்கும் பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள். மாடிப்படி, சமையலறை, கிணற்றடி மூன்று இடத்திலும் ஏ.ஆர். கிடையாது.

கேமரா வழியா எங்க வீட்டைப் பூரா பாத்துருவாங்களா?

எந்தச் செயலி என்பதைப் பொறுத்தது. பூனை நிற்கத் தேவையான கணக்கைப் பெரும்பாலும் ஃபோனே போட்டுக்கொள்ளும். பெயர் கேட்கும் வகையில் படம் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அதனால் ஆதார் அட்டை, பாங்க் புத்தகம், பிள்ளைகளின் முகம் எதுவும் காட்சிக்குள் வராமல் பாருங்கள். கேமராவும் மைக்கும் கேட்டால் நியாயம். ஃபோனில் உள்ள எண்களையும் குறுஞ்செய்திகளையும் கேட்டால் அந்தச் செயலி வேண்டாம்.

2023-இல் இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக்கூடாது என்கிறது. ஆனால் சம்மதம் கேட்கும் பொத்தானைப் பிள்ளையே அழுத்திவிடும். அதனால் நீங்களே நிறுவிக் கொடுங்கள்.

நானும் டீச்சர்தான். வகுப்புல நாப்பது பேர், ஃபோன் என்னோடது ஒண்ணு. எப்படி?

ஒன்றே போதும், நிறைய இருந்தால்தான் குழப்பம். ஸ்மார்ட் போர்டோ டிவியோ இருந்தால் ஃபோன் திரையை அதில் காட்டுங்கள். இல்லாவிட்டால் இப்படிச் செய்யலாம்: ஐந்து பேர் முன்னால் வந்து திரையைப் பார்க்கட்டும், மீதி முப்பத்தைந்து பேருக்கும் திரை தெரியக்கூடாது. பார்த்தவர்கள் ஆங்கிலத்தில் வர்ணிக்க வேண்டும், பார்க்காதவர்கள் கேட்டுப் படம் வரைய வேண்டும். பூனை நாற்காலிக்குக் கீழேயா, பின்னாலா? வால் எந்தப் பக்கம்? கேள்வி கேட்கலாம், ஆங்கிலத்தில் மட்டும். கடைசியில் வரைந்ததையும் திரையையும் ஒப்பிடுங்கள்.

ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் பேச்சுக்குத் தேவை வரும். நாற்பது ஃபோன் கொடுத்தால் நாற்பது பேரும் பார்ப்பார்கள், யாருக்கும் யாரிடமும் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்புறம், முதல் நாள் பாடம் நடக்காது. எல்லாரும் பூனையைத் தொட்டுப் பார்ப்பார்கள். விட்டுவிடுங்கள்.

வருஷச் சந்தா நாலாயிரம் கட்டினா எல்லாப் பாடமும் ஏ.ஆர்.ல வருதாம். கட்டலாமா?

மாதச் சந்தா இருந்தால் ஒரு மாதம் பாருங்கள். இந்தத் துறையில் கடைகள் சீக்கிரம் மூடுகின்றன. சிறியவர்கள் மட்டுமல்ல. கூகுளின் டாங்கோ என்ற ஏ.ஆர். ஏற்பாடு 2018-இல் நின்றது. பள்ளிகளுக்கென்றே வந்த கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் 2021 ஜூனில் மூடப்பட்டது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் ஸ்பார்க் என்ற ஏ.ஆர். உருவாக்கும் தளம் 2025 ஜனவரியில் முடிந்தது. அவற்றை நம்பிப் பாடம் தயாரித்தவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. மேலே நான் சொன்ன விளையாட்டுகளுக்கு எந்தச் செயலியின் பூனையும் போதும்.

இதெல்லாம் பலன் தருதுன்னு ஆராய்ச்சி இருக்கா, சும்மா சொல்றீங்களா?

ஆராய்ச்சிகள் நிறைய உண்டு. பெரும்பாலும் சொல்வது: பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடுகிறது, சொற்கள் நினைவில் நிற்கின்றன. ஆனால் பலவற்றில் பங்கெடுத்தவர்கள் ஒரு வகுப்பு அளவுதான், காலமும் சில வாரங்கள்தான். புதிதாக வந்த எதுவுமே சில வாரங்கள் ஆர்வத்தைக் கூட்டும். எங்கள் பூனைக்கு மூன்றாவது வாரமே மவுசு குறைந்துவிட்டது. அம்மி வந்து காப்பாற்றியது.

கடைசியா ஒண்ணு. என் வீட்டுக்காரர் ஃபோனைத் திருப்பூருக்குக் கொண்டு போயிருவார். ஃபோன் இல்லாம இதைச் செய்ய முடியாதா?

முடியும். தீப்பெட்டியைப் பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு போடும் விளையாட்டு, படம் வரையும் விளையாட்டு இரண்டும் அப்படியே நடக்கும், பாய் வேண்டாம், டியூப்லைட் வேண்டாம். நாற்காலிக்குள் புதைப்பது மட்டும் முடியாது. போன மாதம் மின்சாரம் போய் என் ஃபோனும் அணைந்த சாயங்காலம் தீப்பெட்டியை வைத்துத்தான் நடத்தினோம். பாதியில் நூலகத்துப் பூனை நிஜமாகவே உள்ளே வந்து மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தபால்காரர்தான் முதலில் பார்த்தார். எழுந்து நின்று, ‘தேர் இஸ் எ கேட் அண்டர் தி டேபிள்’ என்றார்.